ஒரு ரொட்டியும் ஒரு தோசையும்

யாத்திரை புறப்படுகிறவர்கள் கோயிலையும் கோட்டையையும் கடலையும் மனத்தில் எண்ணிக்கொண்டு புறப்படுவார்கள். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போகும் ஆசிரியனோ சோற்றை எண்ணிக்கொண்டுதான் புறப்பட வேண்டியிருக்கிறது. முப்பத்தெட்டுப் பிள்ளைகள், மூன்று ஆசிரியர்கள், இரண்டு பகல், மூன்று இரவு. இத்தனை பேருக்கும் வேளைக்கு வேளை வயிறு நிறைய வேண்டும். கையில் உள்ள பணமும் திரும்பி வரும்வரை தீராதிருக்க வேண்டும். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்த்தவனுக்கே அதன் கடுமை தெரியும்.

2023ஆம் ஆண்டில், ஒரு பாடசாலை விடுமுறையின்போது, கஹவத்தையைச் சுற்றியுள்ள தோட்டங்களின் பிள்ளைகளை யாழ்ப்பாணத்துக்கு அழைத்துச் சென்றோம். நல்லூர்க் கந்தனையும் கீரிமலைக் கேணியையும் நயினாதீவுக்குப் போகும் கடலையும் புத்தகத்தில் மட்டும் கண்டவர்கள் அவர்கள். அவர்களுள் பலர் அதுவரை இரத்தினபுரிக்கு அப்பால் போனதில்லை. அந்த ஆவலைத் தட்டிக்கழிக்க எங்களுக்கு மனம் வரவில்லை.

ஆனால் காலம் நல்ல காலமாக இல்லை. 2021ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பொருள்களின் விலை, முந்திய ஆண்டின் அதே மாதத்தைவிட ஏறத்தாழ 95 சதவீதம் கூடியிருந்தது. சம்பளமோ நின்ற இடத்திலேயே நின்றது. அந்த ஆயிரத்திலிருந்து மிச்சம் பிடித்துத்தான் தாய்மார் பிரயாணக் காசைக் கட்டினார்கள். இரண்டு தவணையாகக் கட்டியவர்கள் உண்டு. கடைசி நாளில் சில்லறையாகக் கொண்டு வந்து எண்ணி வைத்தவர்களும் உண்டு. பஸ் கூலி போக, ஒரு பிள்ளையின் ஒரு வேளை உணவுக்கு 250 ரூபாய் மிஞ்சிற்று.

மாலை மங்கும் நேரத்தில் புறப்பட்டோம். பெல்மதுளை, இரத்தினபுரி, அவிசாவளை என்று மலைச் சாரலை விட்டிறங்கி வண்டி ஓடிற்று. இரவு பத்து மணியளவில் வழியோர உணவுச்சாலை ஒன்றில் நிறுத்தினோம். எந்த ஊர், எந்தக் கடை என்று சொல்ல வேண்டியதில்லை. பலகையில் எழுதியிருந்த விலை ஒன்று. சிட்டையில் வந்த விலை வேறொன்று. "இது ரூரிஸ்ட் வருகிற பாதை, மாஸ்டர்" என்பதே அவர்கள் சொன்ன நியாயம். அந்த விலைக்கு முப்பத்தெட்டுத் தட்டு எடுத்தால் மறுநாள் பட்டினி கிடக்க நேரிடும். ஆகவே ஆளுக்கொரு தேநீரும் பணிசும் வாங்கிக் கொடுத்தோம். "பசிக்குதா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டேன். "இல்லீங்க சேர்" என்றே எல்லோரும் சொன்னார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இந்தப் பொய் நன்றாக வரும். எனக்கும் ஒரு காலத்தில் வந்தது.

பஸ்ஸின் கடைசி ஆசனத்துக்கு முன் ஆசனத்தில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி இருந்தாள். பெயர் வேண்டாம். காலடியில் ஒரு துணிப்பையை இரு பாதங்களாலும் அணைத்துக்கொண்டே வந்தாள். அதில் என்ன இருக்கிறது என்று தோழியர் கேட்டதற்கு, "உடுப்பு" என்றாள். ஆனால் பையிலிருந்து வந்த மணம் உடுப்பின் மணமன்று. கல்லில் சுட்ட கோதுமை மாவும் தேங்காயும் கலந்த மணம் அது. எந்தக் கூட்டத்தில் நின்றாலும் அதை அடையாளம் கண்டுகொள்ளும் மூக்கு எனக்கு உண்டு. நான் ஒன்றும் கேட்கவில்லை.

முறிகண்டிப் பிள்ளையாரடியில் பொழுது புலர்ந்தது. வடக்கே போகும் வண்டி எதுவும் அவரை வணங்காமல் போவதில்லை. தேங்காய் உடைத்துவிட்டு, ஆனையிறவைக் கடந்து, எட்டு மணியளவில் யாழ்ப்பாணத்தை அடைந்தோம். நல்லூரிலிருந்து தொலைவில் இல்லாத திருநெல்வேலியில், பல்கலைக்கழகத்துக்கு அணித்தாக ஒரு சிற்றுண்டிச்சாலை உண்டென்றும், காலை ஆகாரத்துக்கு அங்கே போகும்படியும் உள்ளூர் நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். அதன் பெயர் "அம்மாச்சி".

அந்தப் பெயரைக் கேட்டதுமே என் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். எங்கள் தோட்டங்களில் தாயைப் பெற்றவளை அம்மாச்சி என்றுதான் அழைப்போம். ஒரு கடைக்கு யாராவது பாட்டியின் பெயரை வைப்பார்களா என்பது அவர்களுடைய வியப்பு.

வைத்ததற்குக் காரணம் உண்டு. நமது நாட்டு விவசாயத் திணைக்களம், கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, உள்நாட்டு விளைபொருள்களிலிருந்து உள்நாட்டுப் பலகாரங்களைச் சமைத்து விற்கும் உணவகங்களைப் பல மாவட்டங்களில் அமைத்தது. சிங்களத்தில் அவற்றின் பெயர் "ஹெல பொஜுன்". கண்டிக்கு அருகே கன்னொறுவையில் இருப்பதைப் பலர் அறிவர். அம்முயற்சி வடக்கே வந்தபோது, அந்த மண்ணின் மொழியிலேயே பெயர் இருக்க வேண்டும் என்று மாகாணத்தின் விவசாய அமைச்சு நின்றது. அப்போது விவசாய அமைச்சராயிருந்தவர் திரு. பொ. ஐங்கரநேசன். பெயர் பற்றிச் சிறிது இழுபறியும் நடந்தது. முடிவில் "அம்மாச்சி" என்ற பெயரே நிலைத்தது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்று வடமாகாணத்தின் மற்றப் பகுதிகளிலும் அதே பெயரில் உணவகங்கள் தோன்றின.

உள்ளே போனதும் முதலில் கண்ணில் பட்டது ஒழுங்கு. ஒரு நீண்ட கூடம். அதில் வரிசையாகச் சிறு சிறு அடுப்புத் தட்டுகள். ஒவ்வொரு தட்டுக்கும் ஒருத்தி அல்லது இருவர் பொறுப்பு. இடம் திணைக்களத்தினுடையது, உழைப்பும் வருமானமும் பெண்களுடையவை. ஒருத்தி தோசை வார்க்கிறாள். பக்கத்திலிருப்பவள் வடை தட்டுகிறாள். அடுத்தவள் பிட்டு அவிக்கிறாள். அதற்கப்பால் மோதகம், எள்ளுருண்டை, பயற்றம் பணியாரம், இலைக்கஞ்சி, பழச்சாறு. மறைவான சமையலறை என்று ஒன்றில்லை. மாவு கரைப்பதும் எண்ணெய் ஊற்றுவதும் உண்பவன் கண்ணெதிரே நடக்கின்றன. மீன் இல்லை, இறைச்சி இல்லை, முட்டை இல்லை. விலை எழுதிய பலகையில் உள்ளதே கேட்கும் விலை. வீதியோரத்துத் தட்டுக்கடையின் எளிமையும் வீட்டு அடுப்பங்கரையின் தூய்மையும் ஓரிடத்தில் கூடியிருந்தன என்று சொன்னால் பொருந்தும்.

அந்நேரத்தில் அங்கே பல்கலைக்கழக மாணவர்கள் இருந்தார்கள். முச்சக்கரவண்டிச் சாரதிகள் இருந்தார்கள். அலுவலகத்துக்குப் போகும் வழியில் கைக்குழந்தையோடு வந்த ஒரு தாய் இருந்தாள். முதுகில் பெரும்பை சுமந்த வெளிநாட்டு உல்லாசப் பிரயாணிகள் இருவரும் இருந்தனர். கணவனும் மனைவியும் போலும். எல்லோரும் ஒரே வரிசையில் நின்றார்கள்; ஒரே விலையைக் கொடுத்தார்கள். முந்திய இரவின் "ரூரிஸ்ட் பாதை" என் நினைவுக்கு வந்து போயிற்று.

அந்த வெளிநாட்டுப் பெண் ஒவ்வொரு தட்டாகச் சென்று எதையோ விசாரித்துக்கொண்டிருந்தாள். பாஷை விளங்காமல் இரு பக்கமும் தடுமாறவே, நான் போய் இடைநின்றேன். "இதில் பால் உண்டா? முட்டை உண்டா? வெண்ணெய், நெய் ஏதேனும் உண்டா?" என்பதே அவளுடைய கேள்வி. தோசைக்கல்லின் முன் நின்ற அம்மையாரிடம் கேட்டேன். "உழுந்து, அரிசி, நல்லெண்ணெய். சம்பலுக்குத் தேங்காய். வேறொண்டும் இல்லையெண்டு சொல்லுங்கோ" என்றார் அவர். சொன்னேன். அவள் முகம் மலர்ந்தது. தங்கள் ஊரில் இப்படிப்பட்ட உணவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்றும், பிடித்தாலும் விலை அதிகம் என்றும், இங்கே ஒரு தெருவோரக் கடையில் எல்லாமே தனக்கு ஏற்றதாக இருப்பது வியப்பாயிருக்கிறது என்றும் சொன்னாள்.

அவர்கள் "வீகன்" என்று சொல்லப்படும் உணவு ஒழுக்கத்தைக் கைக்கொண்டவர்கள். ஊனை மட்டுமன்றி, பால், தயிர், நெய், தேன் முதலாக உயிர்களிடமிருந்து பெறும் எதையும் உண்பதில்லை என்பது அவர்களுடைய கொள்கை. 1944ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சன் என்பவரும் அவருடைய நண்பர்கள் சிலரும் ஒரு சங்கம் நிறுவி, அச்சொல்லை உருவாக்கினார்கள். நம்முடைய சைவ உணவில் பாலுக்கும் தயிருக்கும் நெய்க்கும் உயர்ந்த இடம் உண்டு. அவர்களுடைய உணவில் அவற்றுக்கு இடமே இல்லை. எனினும், யாழ்ப்பாணத்துச் சமையலில் பசுப்பாலின் வேலையைப் பெரும்பாலும் தேங்காய்ப்பாலே செய்துவிடுவதால், சைவ உணவகத்தில் அவர்களுக்கு ஏற்ற பண்டம் எளிதில் கிடைத்துவிடுகிறது.

இவற்றையெல்லாம் பிள்ளைகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் மிகக் கருத்தாகக் கேட்டுவிட்டு, "அப்படீன்னா நாங்களும் அதானுங்களே சேர்? ரொட்டி, சம்பல், பிளேன்டீ. பாலும் இல்ல, முட்டையும் இல்ல" என்றான்.

எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தச் சிரிப்பு என் தொண்டையில் சற்றே தங்கிற்று.

விரும்பி விடுவது ஒன்று. இல்லாமையால் விடுவது மற்றொன்று. உயிர்களிடத்துக் கருணையால் பாலை மறுப்பவர், அதற்கு ஈடாகப் பருப்பையும் பயறையும் கீரையையும் கடலையையும் தேடி உண்கிறார். உடலுக்குக் குறைகின்ற சத்து எது என்று கணக்குப் பார்த்து அதை வேறு வழியில் பெறுகிறார். எங்கள் லயத்துப் பிள்ளையின் ரொட்டிக்கு ஈடு எதுவுமில்லை. 2016ஆம் ஆண்டில் எடுக்கப்பட்ட குடித்தொகை, சுகாதார அளவீடு ஒன்றின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதிலும் 17 சதவீதத்தினர். தோட்டப்புறங்களிலோ ஏறத்தாழ 32 சதவீதத்தினர். அந்தப் பையனுடைய கேள்வி வேடிக்கையானது. ஆனால் அவன் தன் வயதுக்குக் குட்டையானவன் என்பதை அன்றுதான் நான் ஊன்றிக் கவனித்தேன்.

பிள்ளைகள் வரிசையில் நின்று வேண்டியதை வாங்கி அமர்ந்தார்கள். தோசை, வடை, சம்பல், சாம்பார், ஒரு கோப்பை இலைக்கஞ்சி. கணக்குப் பார்த்தபோது ஆளுக்கு 200 ரூபாயை எட்டவில்லை. எங்கள் மூவருக்கும் தோளிலிருந்து ஒரு மூட்டையை இறக்கி வைத்தது போலிருந்தது. "இன்னொண்டு எடுங்கோ பிள்ளையள்" என்று தட்டுக்குத் தட்டு குரல் எழுந்தது. முந்திய இரவு பசியில்லை என்று சொன்னவர்கள் எத்தனை பசியோடிருந்தார்கள் என்பது, தட்டுகள் காலியான வேகத்தில் தெரிந்தது.

அந்தப் பெண் மட்டும் வரிசையில் நிற்கவில்லை. துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு வாயிலருகே அமர்ந்திருந்தாள். அவளுடைய பங்குப் பணம் என்னிடம் இருக்கிறதென்று சொன்னேன். "வயித்துக்கு ஒரு மாதிரியா இருக்குங்க சேர்" என்றாள். அதை நம்பாமலும், அவளை வற்புறுத்தவும் மாட்டாமலும் நின்றேன்.

ஏனென்றால், அந்தப் பையை நான் அறிவேன்.

எனக்குப் பதினோரு வயதானபோது, தோட்டப் பாடசாலையை விட்டு ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் படிக்கப் போனேன். விடியற்காலையில் அம்மாவும் அப்பாவும் பிரட்டுக்களத்துக்குப் போய்விடுவார்கள். என்னை எழுப்பிப் புறப்படுத்துவது அம்மாச்சிதான். விறகடுப்பின் முன் குந்தியிருந்து, தேங்காய்த் துருவலைக் கையால் அளந்து மாவில் போட்டு, உள்ளங்கை அகலத்துக்குத் தடித்த ரொட்டி இரண்டு சுடுவார். உப்பும் செத்தல் மிளகாயும் அம்மியில் நசுக்கிய சம்பலை நடுவில் வைத்து, தாளில் சுற்றிக் கையில் தருவார். ஊர்ப் பிள்ளைகள் பாணும் பருப்பும் சோறும் கறியும் கொண்டு வந்தார்கள். இடைவேளையில் ஒருவன் என் ரொட்டியைத் தட்டிப் பார்த்து, கூரைக்குப் போடலாம் என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து அந்த ரொட்டியை நான் பையை விட்டு வெளியே எடுக்கவில்லை. திரும்பும் வழியில் ஓடையில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவேன்.

சில நாள்களில் அதற்கும் மனம் ஒப்பாமல், "இனி ரொட்டி வேணாம் அம்மாச்சி. காசு குடுங்க, பணிஸ் வாங்கித் திங்கிறேன்" என்று சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. மறுநாள் முதல் ரொட்டிக்குப் பதிலாக முந்தானை முடிச்சிலிருந்து இரண்டு ரூபாய் எடுத்துத் தந்தார். மூன்றாண்டுகள் தவறாமல் தந்தார். அவர் இறந்து பதினாறாம் நாள், பேச்சுவாக்கில் அம்மா சொன்னபோதுதான் அது எங்கிருந்து வந்தது என்று அறிந்தேன். அது அவருடைய வெற்றிலைக் காசு. வாயில் வெற்றிலையின்றி அவரை யாரும் கண்டதில்லை என்றிருந்த அம்மாச்சி, அந்த மூன்றாண்டும் வெறும் வாயோடு இருந்திருக்கிறார். அதை நான் கவனித்ததுகூட இல்லை.

இந்த நினைவோடுதான் அந்தப் பெண்ணின் பக்கத்தில் நின்றேன். அப்போது தோசைத் தட்டிலிருந்த அம்மையார் கையைத் துடைத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். ஐம்பது வயதிருக்கலாம்.

"ஏம்மா, நீ சாப்பிடல்ல? வாங்க, வந்து ஒண்ணு சாப்பிடுங்க" என்றார்.

பிள்ளைகள் சட்டென்று நிமிர்ந்து பார்த்தார்கள். அதுவரை "வாங்கோ", "எடுங்கோ" என்று பேசிய அதே வாய், இப்போது எங்கள் ஊர்ப் பேச்சைப் பேசிற்று. "சேர், அந்தம்மா நம்ம மாதிரிப் பேசுறாங்க" என்று ஒருவன் என் காதருகே சொன்னான்.

அவர் சிரித்தார். "உங்க பேச்சக் கேட்டதும் எனக்கும் வந்திருச்சு. எங்கப்பா ரத்தினபுரிப் பக்கந்தான், தம்பி. எழுபத்தேழுக் கலவரத்துல தோட்டத்த விட்டு வந்தவங்க. நான் கைக்கொழந்தையாம். கிளிநொச்சியில காடு வெட்டி இருந்தோம். கலியாணம் முடிச்சு இங்கிட்டு வந்தேன். வீட்டுல அம்மா இருந்த வரைக்கும் இந்தப் பேச்சுதான்" என்றார்.

1977ஆம் ஆண்டு ஆகஸ்டில் நிகழ்ந்த கலவரத்தின் பின், இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களிலிருந்தும் வேறு மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்தும் பல குடும்பங்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்ச் சேர்ந்தன. அவர்களுடைய முன்னோர், மன்னார்க் கரையில் இறங்கி அந்த வடக்குக் காடுகளினூடே நடந்துதான் மலைக்கு ஏறினார்கள். நூற்றைம்பது ஆண்டு கழித்து, பேரப்பிள்ளைகள் அதே காட்டுக்குத் திரும்பினார்கள். வரலாற்றுப் பாடத்தில் இதை நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். அந்த வரலாறு தோசைக்கரண்டியோடு எதிரே வந்து நிற்கும் என்று எதிர்பார்த்ததில்லை.

அம்மையாரின் பார்வை துணிப்பையின்மேல் விழுந்தது. மூக்கை ஒருமுறை உறிஞ்சினார்.

"அதுல என்னா, தோட்டத்து ரொட்டியா?"

அந்தப் பெண் தலைகுனிந்தாள். காது மடல் வரை சிவந்துபோயிற்று. "அம்மா சுட்டுக் குடுத்தாங்க. நேத்தையது. காஞ்சு போயிருச்சு" என்றாள், மிக மெல்ல.

"எனக்கு ஒண்ணு தருவியா?"

அவள் நம்பாதவள்போல் பார்த்தாள். பிறகு பையை அவிழ்த்தாள். உள்ளே பழைய சேலைத் துண்டில் சுற்றிய ரொட்டிகள் இருந்தன. ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். அம்மையார் அதை நின்ற இடத்திலேயே பிய்த்து வாயில் போட்டு, மெதுவாக மென்றார். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை.

"எங்கம்மா சுட்ட மாதிரியே இருக்கு" என்றார். "இங்க நாங்க மெல்லிசாச் சுடுவோம். இந்தத் தடிப்பு யாருக்கும் வராது."

மீதியை முந்தானையில் முடிந்துகொண்டு தட்டுக்குப் போய், ஒரு தோசையை வார்த்துக் கொண்டு வந்து அவள் முன் வைத்தார். நான் பணத்தை நீட்டினேன். "இதுக்கு வேணாம். இது ரொட்டிக்கு ஈடு" என்றார். "மத்த முப்பத்தேழுக்கும் குடுத்துருங்க, தம்பி. வியாபாரம் வியாபாரந்தான்" என்று கண்டிப்பாகச் சேர்த்துக்கொண்டார். எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே தோசையை உண்டாள். பிறகு, யாரும் கேளாமலே, சேலைத் துண்டை மேசைமேல் விரித்து வைத்தாள். கண்மூடித் திறப்பதற்குள் அத்தனை ரொட்டியும் பகிரப்பட்டுவிட்டது. எனக்கும் ஒரு துண்டு வந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன் நான் ஓடையில் போட்ட சுவை, காய்ந்துபோயும் மாறாமல் அதில் இருந்தது.

திரும்பி வந்த பிறகும் அந்தக் கூடத்தை மறக்க முடியவில்லை. அங்கே விற்கப்பட்டவை அரிய பண்டங்கள் அல்ல. எந்த வீட்டிலும் எந்தத் தாயும் செய்யும் பண்டங்களே. வீட்டுக்குள் செய்யும்போது அதற்குப் பெயருமில்லை, விலையுமில்லை. ஒரு கூரையையும் ஓர் அடுப்பையும் ஒரு விலைப்பலகையையும் கொடுத்தவுடன், அதே கைவேலை தொழிலாகிறது. அதே பெண் முதலாளியாகிறாள். வெளிநாட்டார் வரிசையில் நின்று வாங்குகிறார்கள். மாறியது உணவல்ல, அதைப் பார்க்கும் கண்.

எங்கள் சபரகமுவ மண்ணில் என்ன குறை? பலா மரமில்லாத வளவு இங்கே அரிது. முன்னொரு காலத்தில் பாணந்துறை ஆதர் வி. டயஸ் என்பவர் நாடெங்கும் பலாக்கன்று நடுவித்து, "கொஸ் மாமா", அதாவது பலாக்காய் மாமா, என்றே பெயர் பெற்றார். பஞ்ச காலங்களில் அந்த மரங்கள் சோறிட்டன. பலாக்காய்க் கறி, பலாக்கொட்டை, ஈரப்பலாக்காய், அவித்த மரவள்ளிக்கிழங்கு, வல்லாரைச் சம்பல், கல்லில் சுட்ட தேங்காய் ரொட்டி ஆகிய இவை அனைத்தும் பாலும் முட்டையும் சேராதவை. பெல்மதுளையிலிருந்து எம்பிலிப்பிட்டிக்குப் போகும் பெருந்தெரு கஹவத்தையின் நடுவே செல்கிறது. உடவளவையில் யானை பார்க்கப் போகும் உல்லாசப் பிரயாணிகளின் வண்டிகள் அந்த வழியே போகின்றன. அவர்களுள் யாரும் எங்கள் ஊரில் இறங்கி உண்டதாக நான் கண்டதில்லை.

இதைச் சொல்வது எளிது. செய்வது எளிதன்று என்பதை அறிவேன். வடக்கே அந்தப் பெண்களுக்குப் பின்னால் ஒரு திணைக்களம் நின்றது. தோட்டத்துப் பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு முழ நிலமில்லை. விவசாயி என்ற பெயரும் இல்லை. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்த பிறகு அவளுக்கு மிஞ்சும் பொழுதும் சொற்பம். சம்பளம் 2024ஆம் ஆண்டில் 1350 ரூபாயாக உயர்த்தப்பட்டபோதும், மா விலையையும் தேங்காய் விலையையும் பார்த்துத்தான் அவள் அடுப்பை மூட்டினாள். ஆயினும் ஓய்வுபெற்ற தாய்மார் எத்தனை பேர் லயங்களில் இருக்கிறார்கள்! கையில் தொழிலிருந்தும் கேட்பாரில்லாத அம்மாச்சிமார் எத்தனை பேர்! அவர்களுள் பத்துப் பேருக்கு ஒரு கூரை கிடைத்தால் போதும். மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். பிரதேச சபையாரும் தோட்ட நிர்வாகத்தாரும் ஆலய சபையாரும் கூடி நினைத்தால் ஆகாத காரியமன்று. இதைப் பற்றி எங்கள் ஊரில் சிலரிடம் பேசத் தொடங்கியிருக்கிறேன். சிலர் தலையாட்டினார்கள், சிலர் சிரித்தார்கள். பேச்சை நான் விடவில்லை.

அதற்கு முன்னர் என்னால் ஆகக்கூடியது ஒன்றிருந்தது. அதைச் செய்தேன். பிரயாணம் முடிந்து பாடசாலை தொடங்கிய முதல் திங்கட்கிழமை, என் மனைவியிடம் சொல்லித் தடித்த ரொட்டி இரண்டும் மிளகாய்ச் சம்பலும் செய்வித்து, தாளில் சுற்றிக் கொண்டு போனேன். ஆசிரியர் அறையில் உண்ணாமல், இடைவேளையில் வகுப்பிலேயே மேசைமேல் பொதியை அவிழ்த்தேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சற்று நேரத்தில் பின்வரிசையிலிருந்து தாள் அவிழும் ஓசை கேட்டது. பிறகு இன்னொன்று.

நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் மீண்டும் மூடிவிடுவார்களோ என்று அஞ்சினேன். ரொட்டியை மென்றுகொண்டே, அம்மாச்சியின் வெறும் வாயை நினைத்துக்கொண்டிருந்தேன்.